புருண்டியில் ஹூட்டுவும் டுட்சியும் ஏன் மோதிக்கொண்டார்கள்?

புருண்டி ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள சிறிய நாடு. ஹூட்டு அங்கே பெரும்பான்மை இனம், டுட்சி சிறுபான்மை. இரு தரப்பும் பேசுவது ஒரே கிருண்டி மொழி. வாழ்வதும் ஒரே மலைச்சரிவுகளில்தான். பிறகு எதற்கு இனமோதல்? அரசாங்கப் பதவிக்காக ஆட்களை 'நம்மவர், அவர்கள்' என்று பிரித்துத் திரட்டும்போது வரும் மோதல் அது.

பெல்ஜிய ஆட்சி, நெகிழ்வாக இருந்த சமூக அடையாளங்களை இறுக்கி, நிர்வாகத்தில் ஹூட்டுக்களை ஓரங்கட்டியது. 1962-இல் விடுதலை வந்தபின் ராணுவம் டுட்சி அதிகாரிகளின் கைக்குப் போனது. 1966 முதல் 1993 வரை ஆண்ட மிக்கொம்பெரோ, பகாசா, புயோயா மூவருமே புருரி மாகாணத்து டுட்சிகள், ராணுவக்காரர்கள். அதாவது ஆண்டது முழு இனம்கூட அல்ல, ஒரு வட்டாரம்! ஊருக்கே ஒரு கிணறு, வாளியும் கயிறும் ஒரே வீட்டில் என்றால் என்ன ஆகும்? தொழிற்சாலை அதிகமில்லாத ஏழை நாட்டில் அரசுதான் அந்தக் கிணறு.

1972-இல் ஹூட்டு கிளர்ச்சி ஒன்றுக்குப் பதிலடியாக, படித்த ஹூட்டுக்களைத் தேடித்தேடிக் கொன்றது ராணுவம். 1993-இல் தேர்தலில் வென்ற முதல் ஹூட்டு அதிபர் மெல்கியோர் ந்டாடாயேவை ராணுவத்தினர் சில மாதங்களிலேயே கொன்றார்கள். அப்புறம் நீண்ட உள்நாட்டுப் போர்.

2000-இல் போரை முடிக்க அருஷா சமாதான ஒப்பந்தம் வந்தது. அதன் வழியில் எழுந்த 2005 அரசியலமைப்பு, நாடாளுமன்றக் கீழவையில் 60 சதவீதம் ஹூட்டு, 40 சதவீதம் டுட்சி என்று வகுத்தது. ராணுவத்தில் எந்த இனமும் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னது.

இதைப் பழங்காலப் பழங்குடிப் பகை என்பது தவறு. 2015-இல் அதிபர் என்குருன்சிசா மூன்றாம் முறை போட்டியிட்டதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களில் ஹூட்டுக்களும் டுட்சிகளும் இருந்தார்கள்.