கட்டி இழுத்து வந்ததில் ஜெட் ஸ்கி இன்ஜின் போச்சு: இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: புதுச்சேரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜெட் ஸ்கி ஓட்டிப் பிழைப்பவன் நான். கடலில் வண்டி நின்றுபோனது. பக்கத்தில் வந்த ஃபைபர் போட்காரர் கரை சேர்க்க 2,000 ரூபாய் கேட்டார்; ஜிபேயில் அனுப்பினேன். பயணியோடு நான் வேறு போட்டில் வந்துவிட்டேன். அவர் வண்டியைக் கயிறு கட்டி வேகமாக இழுத்து வந்திருக்கிறார். கரையில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன், 'டக்' என்றதோடு சரி. சிலிண்டருக்குள் உப்புத் தண்ணீர், கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது, 2.80 லட்சம் ஆகும் என்கிறார் மெக்கானிக். "உதவி செய்தவன் மேலேயே பழியா?" என்கிறார் போட்காரர். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். முழுத் தொகையும் வரும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

வண்டியை அவர் கையில் ஒப்படைத்துவிட்டு நீங்கள் வேறு போட்டில் வந்தது உங்களுக்குச் சாதகம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148-வது பிரிவுப்படி இது ஒப்படைப்பு (bailment): வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று பொருளை ஒருவர் கையில் கொடுப்பது. பொருளை வாங்கிக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது பிரிவு 151. காசு வாங்காமல் செய்திருந்தாலும் இதே அளவுகோல்தான். ஆகவே 'உதவி' என்ற வாதம் அவரைக் காப்பாற்றாது. கவனமாக இருந்ததைக் காட்ட வேண்டியதும் அவரே. வண்டியின் மேல் நீங்களே உட்கார்ந்து வந்திருந்தால் கதை வேறு.

அடுத்து, வேகம். இன்ஜின் ஓடாதபோது வேகமாக இழுத்தால், ஜெட் பம்ப் வழியாகக் குளிரூட்டும் குழாயில் தண்ணீர் ஏறும். அதை வெளியே தள்ளப் புகை வராததால் சைலன்சர் நிரம்பி, சிலிண்டர் வரை போய்விடும். அதனால்தான் பல கம்பெனிகளின் கையேடுகள் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் இழுக்காதே என்கின்றன. சில, அந்தக் குழாயைக் கிளிப் போட்டு அடைக்கவும் சொல்கின்றன. உங்கள் மாடலின் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுங்கள்.

இனி உங்கள் பலவீனம். "மீன்பிடி போட் ஓட்டுபவனுக்கு ஜெட் ஸ்கி சமாச்சாரம் எப்படித் தெரியும், அவர் சொன்னாரா?" என்று எதிர் வக்கீல் கேட்பார். மெதுவாக இழுக்கச் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. தண்ணீர் புகுந்த இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றாமல் ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் வெளியேற வழியில்லாமல் ராடு வளையும். பட்டனை அழுத்தியது நீங்கள். இந்த இரண்டுக்காகவும் நீதிமன்றம் தொகையைக் குறைக்கலாம். மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

எங்கே போவது? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் கொடுத்த 2,000 ரூபாயை வைத்துத்தான் கட்டணம் பார்ப்பார்கள், அதனால் கட்டணமே இல்லை. கெடு 2 ஆண்டு. ஆனால் தொழிலுக்காகப் பெற்ற சேவை, அதனால் நீங்கள் 'நுகர்வோர்' இல்லை என்று ஆட்சேபணை வரும். சுயதொழிலுக்கு உள்ள விலக்கு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள்' என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது, 'சேவை' அதில் இல்லை. இந்தச் சண்டையில் வருடங்களை விடுவதைவிட சிவில் நீதிமன்றமே மேல் என்பது என் எண்ணம். அங்கே 3 ஆண்டு கெடு, மெக்கானிக்கைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கவும் முடியும்.

இன்சூரன்ஸ் இருந்தால் முதலில் அங்கே எழுத்தில் தெரிவியுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை இன்ஜினைப் பிரித்து வேலை செய்ய விடாதீர்கள். வளைந்த ராடைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். மெக்கானிக்கிடம் காரணத்தோடு கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள். கரையில் யாராவது மொபைலில் எடுத்த வீடியோ இருந்தால் அதுதான் வேகத்துக்குச் சாட்சி. 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63(4) கேட்கும், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டும், ஆகவே எடுத்தவரின் பெயரையும் நம்பரையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், 15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் சமரசம் பேச அவர் வந்தால், உட்கார்ந்து பேசுங்கள்.