ஆர்-12 ஏசி உள்ள பழைய காரில் 134ஏ ஏற்றலாமா?
1994 மாடல் கார், ஏசியில் ஆர்-12 என்ற குளிரூட்டும் கேஸ், அதற்குப் பதில் 134ஏ என்ற கேஸ் ஏற்றினால் ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடும். ஆனால் கேஸை மட்டும் மாற்றினால் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சிக்கல் ஆயிலில்தான். கம்ப்ரசர் (கேஸை அழுத்தித் தள்ளும் பம்ப்) தேயாமல் இருக்க ஊற்றும் மினரல் ஆயில், ஆர்-12 உடன் கலந்தே ஓடி கம்ப்ரசருக்குத் திரும்பி வரும். 134ஏ-வில் அது கரையாது, எங்காவது தேங்கிவிடும், கம்ப்ரசர் ஆயில் இல்லாமல் ஜாம் ஆகும். அதனால் லைனை ஃப்ளஷ் செய்து எஸ்டர் ஆயில் ஊற்றச் சொல்லுங்கள் (ஒட்டியிருக்கும் மிச்ச மினரல் ஆயிலோடு அதுதான் ஒத்துப்போகும்). டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் பாகம்), ஓ-ரிங் (இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையம்) எல்லாம் புதிதாகப் போட வேண்டும். அப்புறம் லைனிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேக்குவம், அரை மணி நேரத்துக்குக் குறையாமல். பழைய ஆர்-12-ஐக் காற்றில் திறந்துவிட விடாதீர்கள், ஓசோனை அரிக்கும் என்றுதான் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் அதற்குக் கடிவாளம் போட்டார்கள்.

134ஏ கேஸ், முன்பு ஏற்றிய ஆர்-12-இன் எடையில் 80 முதல் 90 சதவீதம்தான். முழுசாக ஏற்றினால் பிரஷர் எகிறும், அதுவும் நம்ம வேலூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். ஆர்-12-க்காகச் செய்த சின்ன கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியே விடும் பாகம்), மே மாத மத்தியானம் கிரீன் சர்க்கிள் நெரிசலில் வண்டி நிற்கும்போது திணறும். கண்டென்சருக்கு முன்னால் கூடுதலாக ஒரு ஃபேன் போட்டுவிடுங்கள்.