தலையை வெட்டாமல் காட்டியதற்கா கோபம்?

கேள்வி: கொழும்பில் ஒரு தியேட்டரில், புதுப்பித்து வெளியிட்ட பழைய கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படம் ஒன்றை அப்பாவோடு பார்த்தேன். '4கே' என்று விளம்பரம். படமோ திரையின் நடுவில் மட்டும் ஓடியது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. போதாக்குறைக்கு முகங்களில் எல்லாம் பொடிப்பொடியாகப் புள்ளிகள். இதற்கா இவ்வளவு காசு? திரை நிறையக் காட்டியிருக்கக் கூடாதா?
– வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: உங்களை யாரும் ஏமாற்றவில்லை. நீங்கள் குறை சொல்லும் இரண்டுமே, அந்தப் படத்தைப் புதுப்பித்தவர்கள் ஒழுங்காக வேலை செய்ததற்கு அடையாளம். பழைய படத்தைத் திரை நிறையக் காட்டுகிறவர்களிடம்தான் காசைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்திய படங்களின் சட்டம் (ஃபிரேம்) கிட்டத்தட்டச் சதுரம்: உயரம் 1 என்றால் அகலம் 1.37. இன்றைய ஸ்கோப் திரையில் அகலம் 2.39. அந்த அகலத்துக்குப் படத்தைப் பெருப்பித்தால் மேலேயும் கீழேயும் வெட்டத்தான் வேண்டும். கணக்குப் பார்த்தால் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும். நடனக் காட்சியில் பாதம் இருக்காது, அரசவைக் காட்சியில் கிரீடம் இருக்காது. வெட்டாமல் பக்கவாட்டில் இழுத்தாலோ எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். டிஜிட்டல் தியேட்டரின் 4கே என்பது குறுக்கே 4096, நெடுக்கே 2160 புள்ளிகள். பழைய படத்தை முழு உயரத்துக்கு வைத்தால் குறுக்கே சுமார் 2960 புள்ளிதான் பிடிக்கும். மிச்சம் கறுப்பாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஒளிப்பதிவாளர் அந்தச் சட்டத்தின் நாலு மூலைக்கும் யோசித்து லைட் வைத்திருக்கிறார். அதை வெட்ட நமக்கு என்ன உரிமை?

அடுத்தது புள்ளிகள். கறுப்பு வெள்ளைப் பிலிமில் உருவம் என்பதே வெள்ளித் துகள்கள்தான். அவற்றைத் துடைத்தால் படமும் சேர்ந்து துடைபடும். கணினியில் ஒரு தட்டில் துகளை எல்லாம் வழித்துவிடலாம், ஆனால் நடிகரின் முகம் மெழுகுப் பொம்மை போல் ஆகிவிடும். கண்ணோரச் சுருக்கமும் வியர்வையும் போன பிறகு அங்கே என்ன நடிப்பு மிஞ்சும்? நீக்க வேண்டியவை கீறல், தூசி, கிழிசல், படம் ஆடுவது. இரண்டரை மணி நேரப் படம் என்றால், வினாடிக்கு 24 சட்டம் வீதம் 2,16,000 சட்டங்கள். எது தூசி, எது வெள்ளித் துகள் என்று மென்பொருள் அடிக்கடி குழம்பும். ஆள் உட்கார்ந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் கொடுத்த காசு அந்தக் கண்களுக்கு.

1964இல் வந்த 'கர்ணன்' 2012இல் டிஜிட்டலில் திரும்ப வந்து மாதக்கணக்கில் ஓடியது. அதற்குப் பிறகு பழைய படங்கள் வரிசையாக வருகின்றன. நல்லதுதான். ஆனால் சுவரொட்டியில் 4கே என்று போடுவது சுலபம். எதிலிருந்து ஸ்கான் செய்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கமராவில் ஓடிய மூல நெகட்டிவிலிருந்து எடுத்தால் புடவைக் கரை வரை தெரியும். ஊர் ஊராக ஓடித் தேய்ந்த கொப்பியிலிருந்து எடுத்தால், எத்தனை கே போட்டாலும் அந்தக் கொப்பியில் இருப்பதுதான் வரும். ஒலியும் அப்படியே. ஒற்றை ஒலித்தடத்தின் இரைச்சலைக் குறைக்கட்டும், சரி. பழைய பாட்டுக்குப் புது ட்ரம்ஸ் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய சிங்களப் படம் 'நிதானய' புதுப்பிக்கப்பட்டு 2013இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. சுமித்ரா பீரிஸ் இயக்கிய 'கெஹெனு லமய்' என்ற சிங்களப் படம் 4கேயில் 2025இல் கான் விழாவுக்குப் போனது. நம் நாட்டுத் தமிழ்ப் படங்களான 'குத்துவிளக்கு' (1972), தர்மசேன பத்திராஜ எடுத்த 'பொன்மணி' (1977), மீனவர் வாழ்க்கையைச் சொன்ன 'வாடைக்காற்று' (1978) ஆகியவற்றையும் அந்த மாதிரிப் பார்க்க எனக்கு ஆசை, வெட்டாத சட்டத்தில், துடைக்காத துகளோடு. 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது எத்தனையோ படங்களின் நெகட்டிவ்கள் சாம்பலாயின. ஆகவே எங்கோ தப்பிக் கிடக்கும் ஒரு கொப்பிகூட இன்று நெகட்டிவ் அளவுக்குப் பெறுமதியானது.

அதனால் திருகோணமலை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தியேட்டர் நடத்திய, படம் ஓட்டிய குடும்பங்கள் நம் ஊரிலும் மூதூர், கிண்ணியா பக்கமும் இருக்கின்றன. பரணில் றீல் தகரம் கிடந்தால் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிமை வெக்கையும் ஈரமும் அரிக்கும். நம் கடற்கரை ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. தகரத்தைத் திறக்கும்போது வினாகிரி மணம் வந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த றீலை மற்றவற்றிலிருந்து பிரித்து, வீட்டிலேயே குளிர்ச்சியான, காய்ந்த இடத்தில் வையுங்கள். வெயிலில் விரிக்க வேண்டாம், புரொஜெக்டரில் ஓட்டியும் பார்க்க வேண்டாம். தகரத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்து இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள்; அடுத்த இதழிலேயே அதைப் பற்றிப் பேசுவோம்.