பஃபர் பகிர்வில் எது ஓடும், எது ஓடாது என்பதை கிராபிக்ஸ் டிரைவர் அப்ளிகேஷனுக்கு எப்படிச் சொல்ல வேண்டும்?

உங்கள் கேள்வியின் சுருக்கம்: பெங்களூரு வொயிட்ஃபீல்டில் கார் டிஸ்ப்ளே போர்டு ஒன்றுக்கு லினக்ஸ் கிராபிக்ஸ் டிரைவர் எழுதுகிறீர்கள். கேமரா தரும் என்வி12 (ஒளியையும் நிறத்தையும் தனித்தனியாக வைக்கும் ஒய்யுவி வகை) படத்தை நகலெடுக்காமல் ஜிபியு வழியாகத் திரைக்குக் கொண்டுபோக வேண்டும். டிஎம்ஏ-பஃப் வசதி, அதாவது மெமரியில் உள்ள படத்தை (பஃபரை) நகலெடுக்காமல் சாதனங்களுக்கிடையே பகிரும் லினக்ஸ் வசதி, இருப்பதாக டிரைவர் அறிவிக்கிறது. ஆனாலும் சில அப்ளிகேஷன்களில் கறுப்புத் திரைதான் வருகிறது.

"டிஎம்ஏ-பஃப் உண்டு" என்று மட்டும் சொன்னால் அதை வைத்து அப்ளிகேஷனால் எந்த முடிவும் எடுக்க முடியாது. அதற்குத் தெரிய வேண்டியது இதுதான்: இந்த ஃபார்மேட்டில் (பிக்சல் வகை), இந்த மாடிஃபயரோடு (பிக்சல்களை மெமரியில் அடுக்கும் முறை), இந்த வேலைக்கு, இந்தச் சாதனத்தில் ஒரு பஃபரை உள்ளே வாங்க முடியுமா, வெளியே கொடுக்க முடியுமா? பஃபரை ஒதுக்கும் முன்பே பதில் கிடைக்க வேண்டும். ஓடாததை "உண்டு" என்பதைவிட, ஓடக்கூடியதை "இல்லை" என்பது எவ்வளவோ மேல். "இல்லை" என்றால் அப்ளிகேஷன் நகலெடுத்துக் காட்டிவிடும். கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். தவறான "உண்டு"வை நம்பிய அப்ளிகேஷன், படம் வரைய வேண்டிய நேரத்தில்தான் தோற்கும்.

உங்கள் கறுப்புத் திரைக்கு நான் முதலில் சந்தேகிக்கும் இடம் இஜிஎல், அதாவது வரையும் நூலகத்தைத் திரையோடும் பஃபர்களோடும் இணைக்கும் இடைமுகம். அதன் டிஎம்ஏ-பஃப் இம்போர்ட் எக்ஸ்டென்ஷன் (டிரைவர் அறிவிக்கும் கூடுதல் வசதி) பெயரளவில் இறக்குமதி உண்டு என்று மட்டுமே சொல்லும். எந்த ஃபார்மேட் என்று சொல்லாது. பின்னால் வந்த இம்போர்ட் மாடிஃபயர்ஸ் எக்ஸ்டென்ஷனில் ஃபார்மேட் பட்டியலைக் கேட்க ஒரு ஃபங்ஷனும், ஒவ்வொரு ஃபார்மேட்டுக்கும் மாடிஃபயர்களைக் கேட்க இன்னொன்றும் உண்டு. இரண்டாவது ஃபங்ஷன், ஒவ்வொரு மாடிஃபயருக்கும் "எக்ஸ்டெர்னல் ஒன்லி" என்ற பூலியனையும் தருகிறது. அதற்கு உண்மை என்று பதில் வந்தால், அந்தப் பஃபரை எக்ஸ்டெர்னல் டெக்ஸ்சராக (வெளியிலிருந்து வந்த படத்தை ஜிபியு படிப்பதற்கான தனி வகை) மட்டுமே படிக்கலாம். சாதாரண 2டி டெக்ஸ்சராகக் கட்டவும் முடியாது, அதன்மேல் வரையவும் முடியாது. என்வி12 போன்ற ஒய்யுவி ஃபார்மேட்டுகளில் பல டிரைவர்களின் நிலை இதுதான். நீங்கள் இதைப் பொய் என்று நிரப்பியிருந்தால், எக்ஸ்டெர்னல் சாம்ப்ளர் பயன்படுத்தும் அப்ளிகேஷனில் படம் வரும், மற்றதில் வராது. "சில அப்ளிகேஷன்களில்" என்று நீங்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. இன்னொன்று: இஜிஎல் எக்ஸ்டென்ஷன் டிஸ்ப்ளேயைச் சேர்ந்தது, எக்ஸ்டெர்னல் டெக்ஸ்சர் எக்ஸ்டென்ஷனோ வரையும் நூலகமான ஓப்பன்ஜிஎல் இஎஸ்-இன் கான்டெக்ஸ்ட்டைச் சேர்ந்தது. இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

வல்கன் என்ற இன்னொரு கிராபிக்ஸ் இடைமுகம் இதை நன்றாகவே வடிவமைத்திருக்கிறது. முதல் படியில் ஃபார்மேட்டுக்கான மாடிஃபயர் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் மெமரி பிளேன் (படத்தின் தரவு பிரிந்திருக்கும் பகுதி) எண்ணிக்கையும், என்னென்ன வேலைக்கு ஆகும் என்பதும் கூடவே வரும். இரண்டாம் படியில் மாடிஃபயர், பயன்பாடு, கைப்பிடி வகை (பஃபரைப் பகிரும் முறை) எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டால், இம்போர்ட் ஆகுமா, எக்ஸ்போர்ட் ஆகுமா, தனி மெமரி ஒதுக்கீடு கட்டாயமா என்று மூன்று பிட்டுகளில் பதில் வரும். ஆகாத சேர்க்கைக்கு "ஃபார்மேட் நாட் சப்போர்ட்டட்" பிழை வரும். உங்கள் டிரைவருக்குள்ளும் இந்த இரண்டாம் கேள்விக்கு ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதி, இஜிஎல், ஜிபிஎம் (பஃபர் ஒதுக்கும் நூலகம்), வல்கன் மூன்றும் அதையே கேட்கும்படி செய்யுங்கள். மூன்று இடத்தில் மூன்று அட்டவணை இருந்தால் நாளடைவில் அவை கட்டாயம் முரண்படும்.

இந்த மெமரி பிளேன் எண்ணிக்கையில் கவனம் வேண்டும். எக்ஸ்ஆர்ஜிபி8888 ஃபார்மேட்டுக்கு ஒரே பிளேன்தான். ஆனால் இன்டெலின் ஒய்-டைல்டு சிசிஎஸ் மாடிஃபயரோடு அதுவே இரண்டு பிளேன் ஆகிவிடும், இரண்டாவதில் கம்ப்ரஷன் தகவல் இருக்கும். அதே போல லீனியர் (வரி வரியாக அடுக்கிய) மாடிஃபயரின் மதிப்பு 0. "மாடிஃபயர் தெரியாது" என்பதற்குத் தனி மதிப்பு இருக்கிறது. தெரியாததை 0 என்று அனுப்பினால் டைல் செய்த (சிறு கட்டங்களாக அடுக்கிய) படம் துண்டு துண்டாகக் கலைந்து தெரியும்.

இத்தனை பட்டியல்களும் சொல்லாத ஒன்று ஸ்ட்ரைடு, அதாவது ஒரு வரியின் தொடக்கத்திலிருந்து அடுத்த வரியின் தொடக்கம் வரை உள்ள பைட்டுகள். 1366 பிக்சல் அகலத்துக்கு, பிக்சலுக்கு 4 பைட் வீதம், 5464 பைட் வேண்டும். 64-இன் மடங்கு கேட்கும் ஹார்டுவேரில் அது 5504. 256-இன் மடங்கு கேட்பதில் 5632. முதலாவதில் ஒதுக்கிய லீனியர் பஃபரை இரண்டாவது ஏற்காது, இரண்டும் "லீனியர் உண்டு" என்று உண்மையாகவே சொல்லியிருந்தும்கூட. 1920 அகலத்தில் 7680 பைட். அது இரண்டுக்கும் பொருந்துவதால் சோதனையில் பிழை ஒளிந்துகொள்ளும். டிரைவர் இங்கே சரியான பிழைக் குறியீட்டையாவது தர வேண்டும். ஸ்ட்ரைடு, ஆஃப்செட் ஒத்துவராவிட்டால் இஜிஎல் விதிப்படி பேட் ஆக்செஸ். ஃபார்மேட் தெரியாவிட்டால் பேட் மேட்ச். எல்லாவற்றுக்கும் பேட் அலாக் (மெமரி ஒதுக்க முடியவில்லை என்ற பிழை) தந்தால், அப்ளிகேஷன் எழுதுபவர் மெமரி தீர்ந்துவிட்டதென்று நினைத்து வேறெங்கோ தேடுவார்.

திரைப் பக்கம் தனிக் கதை. கர்னலின் பிரைம் (பஃபர் பகிர்வு வசதி) திறன் பிட்டுகளை நம்பாதீர்கள், லினக்ஸ் 6.6 முதல் இம்போர்ட், எக்ஸ்போர்ட் இரண்டும் எப்போதும் போட்டபடியே வரும். ஒவ்வொரு டிஸ்ப்ளே பிளேனின் (திரையில் படம் காட்டும் அடுக்கு, மேலே சொன்ன மெமரி பிளேன் அல்ல) இன்-ஃபார்மேட்ஸ் பண்பை, அதாவது அது ஏற்கும் ஃபார்மேட்-மாடிஃபயர் பட்டியலைத்தான் டிரைவர் சரியாக நிரப்ப வேண்டும். அலைவரிசை, ஸ்கேலிங் போன்ற வரம்புகள் மொத்த அமைப்பைப் பொறுத்தவை என்பதால் எந்தப் பட்டியலிலும் அடங்காது. அதற்குத்தான் டெஸ்ட்-ஒன்லி அட்டாமிக் கமிட், அதாவது திரையை மாற்றாமல் ஆகுமா என்று மட்டும் கேட்கும் அழைப்பு, இருக்கிறது. அது "சரி" என்றால் உண்மையான கமிட்டும் சரியாக வேண்டும்.

அறிவிப்பு எதையும் கம்பைல் நேரத்தில் முடிவு செய்யாதீர்கள். யூசர்ஸ்பேஸ் டிரைவர் பழைய கர்னலிலும் ஏற்றப்படும். உதாரணமாக, டிஎம்ஏ-பஃபிலிருந்து சிங்க் ஃபைல் (பஃபரில் நடக்கும் வேலை முடிந்ததா என்று காத்திருக்க உதவுவது) எடுக்கும் ஐயாக்டல் என்ற கர்னல் அழைப்பு லினக்ஸ் 6.0-இல்தான் வந்தது. தொடக்கத்தில் ஒரு சிறு பஃபரில் அதைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஈநாட்டிடிஒய் (அந்த அழைப்பு கர்னலுக்குத் தெரியாது என்ற பிழை) வந்தால் அந்த வசதி இல்லை, அதை நம்பும் எக்ஸ்டென்ஷனை அறிவிக்காமல் விட்டுவிடுங்கள்.

அப்ளிகேஷன் குழுவிடமும் இரண்டு விஷயம் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பெயரை ஸ்ட்ரஸ்டர் (ஒரு வாசகத்துக்குள் இன்னொன்றைத் தேடும் சி ஃபங்ஷன்) வைத்துத் தேடக் கூடாது. இம்போர்ட் என்ற பெயர் இம்போர்ட் மாடிஃபயர்ஸ் என்ற பெயரின் முன்பகுதியாகவே இருப்பதால் தவறாகப் பொருந்தும். இடைவெளியில் பிரித்து முழுப் பெயரை ஒப்பிட வேண்டும். ஃபங்ஷனின் முகவரி கேட்கும் கெட்-ப்ராக்-அட்ரஸ் நல் (வெற்று) அல்லாத முகவரி தந்தால் வசதி இருக்கிறது என்றும் அர்த்தமில்லை.

சோதிக்க ஒரே நிறுவனத்தின் ஜிபியு போதாது. பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் வேறு நிறுவனத்தின் பழைய கார்டு ஒன்று வாங்கி, பிசிஐஇ ஸ்லாட் உள்ள கணினியில் உங்கள் சாதனத்தோடு சேர்த்து ஓட்டுங்கள். அறிவித்த ஒவ்வொரு ஃபார்மேட்-மாடிஃபயர் ஜோடிக்கும் 1366, 1920, ஒற்றைப்படை அகலம் ஒன்று என மூன்றிலும் பஃபர் ஒதுக்கி, எக்ஸ்போர்ட் செய்து, மறுபக்கம் இம்போர்ட் செய்து, பிக்சல்களை ஒப்பிடுங்கள். அறிவித்தும் தோற்கும் ஜோடியைச் சரிசெய்யும் வரை பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.