ஆற்றுக்கு இறங்கும் வழி

அன்புள்ள ஐயா,

நான் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த முன்னாள் படைவீரன். காஷ்மீரில் பணியில் இருந்தபோது கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். ஓய்வூதியம் வருகிறது. செயற்கைக்கால் இருக்கிறது. வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பாமணியாற்றில் நீந்தி வளர்ந்தவன் என்பதால், தண்ணீர் வந்துவிட்டது என்று கேட்டாலே மனம் ஆற்றங்கரைக்குப் போய்விடுகிறது. “இனிமேல் எதற்கு இந்த ஆசை, விழுந்து வைத்தால் யார் பார்ப்பது?” என்கிறார்கள். வெளிநாடுகளில் என்னைப் போன்றவர்கள் பனிச்சறுக்கு ஆடுவதையும் படகு வலிப்பதையும் காணொளியில் பார்க்கிறேன். நம் ஊரில் இப்படி ஆசைப்படுவது அதிகப்படியா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அதிகப்படி இல்லை. வீட்டாரின் பயத்தில் அன்பு இருக்கிறது. ஆனால் எந்நேரமும் பிறரால் பார்த்துக்கொள்ளப்படுபவராக மட்டுமே ஒருவர் வாழ்ந்துவிட முடியாது என்பதை, நீங்கள் இழந்த காலைவிட உங்களுக்கு மிஞ்சியிருக்கும் உடல் நன்றாக அறிந்திருக்கிறது.

நீங்கள் காணொளியில் பார்ப்பவற்றின் வேர் உங்களைப் போன்ற படைவீரர்களிடம்தான் இருக்கிறது. முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துகொண்டிருந்த காலத்தில், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் விளையாட்டைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அம்மருத்துவமனை வளாகத்தில் பதினாறு பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். இன்றைய பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்தது. நம் நாட்டிலும், 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த முரளிகாந்த் பேட்கர் என்ற வீரர், 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். அவர் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டும். பல பத்தாண்டுகள் நாம் அவரை மறந்தே இருந்தோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஆனால் பதக்கம் வென்றவர்களை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் உங்கள் கேள்வி நழுவிவிடும். நீங்கள் பதக்கம் கேட்கவில்லை, ஆறு கேட்கிறீர்கள். பனிச்சறுக்கானாலும் படகானாலும் அங்கே செய்திருப்பதெல்லாம், உடலைக் கருவிக்கு ஏற்ப வருத்தாமல் கருவியை உடலுக்கு ஏற்ப மாற்றியதுதான். நிற்க முடியாதவருக்குச் சறுக்குப் பலகைமேல் இருக்கை பொருத்துகிறார்கள். கால் மிதிக்க முடியாதவருக்குக் கையால் சுழற்றும் சைக்கிள் செய்கிறார்கள். இடுப்பில் பிடிமானம் இல்லாதவர் உட்காரும் படகில் முதுகுச் சாய்வும், கவிழாமலிருக்கப் பக்கவாட்டில் மிதவையும் கட்டுகிறார்கள். உங்களுக்கு நீந்துவதற்கு இவற்றில் எதுவுமே வேண்டியதில்லை. ஒரு கால் குட்டையாக இருப்பதால் தொடக்கத்தில் உடல் ஒருபக்கமாகப் புரளப் பார்க்கும். முழுக்காலை உடலின் நடுக்கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து உதைக்கப் பழகினால் அது சரியாகிவிடும்.

சிக்கல் தண்ணீருக்குள் இல்லை, கரையில் இருக்கிறது. கும்பகோணத்தில் அரசலாற்றுப் படித்துறை ஒன்றில் உங்களைப் போன்ற ஒருவர் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். செயற்கைக்காலைக் கழற்றித் துண்டில் சுற்றி மேல்படியில் வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். பாசி படிந்த கடைசிப் படிகளில் மட்டும், உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகே உடலின் பாரத்தை நகர்த்தினார். நீருக்குள் போனதும் அவரைக் கண்கொண்டு தொடர்வதே கடினமாக இருந்தது. ஏறி வந்தபின் காலின் எஞ்சிய பகுதியை நெடுநேரம் துடைத்துக் காற்றாட விட்டார். ஈரத்தோடு செயற்கைக்காலின் சாக்கெட்டுக்குள், அதாவது காலைப் பொருத்தும் கிண்ணத்துக்குள், நுழைத்தால் தோல் கிழிந்து புண்ணாகிவிடும். ஒரு கைப்பிடிக் கம்பியும், பாசி சுரண்டிய நான்கு படிகளும் இருந்திருந்தால் அவருடைய சிரமத்தில் பாதி குறைந்திருக்கும்.

சக்கர நாற்காலியில் வருபவருக்குப் படியே உதவாது. சாய்தளம் வேண்டும், அதற்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. பத்தடிக் கரைக்கு 120 அடி நீளம் என்றால் மலைப்பாகத் தோன்றலாம், ஆனால் நம் ஆற்றுக் கரைகளில் நீளத்துக்கா பஞ்சம்? கரையை ஒட்டியே சரித்துக்கொண்டு போகலாம். சென்னை மெரினாவில் 2022இல் மணல்மீது மரப்பாதை அமைத்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அதன்வழி அலையருகே போனார்கள். அதையே தரங்கம்பாடியிலும் வேளாங்கண்ணியிலும் கேட்பதில் தவறென்ன? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 30ஆம் பிரிவில் விளையாட்டுக்கான வசதிகளை அவர்களுக்கு ஏற்ப மாற்றியமைக்க வேண்டியதை அரசின் கடமையாகவே வைக்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை ஆகாது.

வீட்டாரின் பயத்தில் நியாயமான பகுதியும் உண்டு. மேட்டூர் திறந்த புதிதில் ஆறு இழுத்துக்கொண்டு ஓடும். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது. மதகுக்கும் தடுப்பணைக்கும் அருகில் எவரும் இறங்கக்கூடாது. காலில் சிறு கீறல் இருந்தாலும் கலங்கல் நீரைத் தவிர்த்துவிடுங்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். முதலில் நீச்சல் குளத்தில் பயிற்சியாளர் பார்வையில் உடலின் புதிய சமநிலையைப் பழகிக்கொண்டு, பிறகு ஓட்டம் தணிந்த நாளில், நீந்தத் தெரிந்த ஒருவரோடு ஆற்றுக்குப் போங்கள். வீட்டாரையும் அழைத்துப் போய்க் கரையில் உட்கார வையுங்கள். ஆயிரம் சொல்லி விளங்காதது அவர்களுக்கு அங்கே விளங்கும்.

அடுத்த கிராமசபையில் படித்துறைக் கைப்பிடிக்கும் சாய்தளத்துக்கும் ஒரு மனு கொடுங்கள். அதன் நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். எனக்கும் ஒன்று அனுப்பினால், உங்கள் பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு இங்கே வெளியிடுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் அதையே மாதிரியாக வைத்து எழுதிக்கொள்ளட்டும்.

அன்புடன்.