உயரம் குறைவில்லை, துணி அதிகம்

அன்புள்ள அக்காவுக்கு,

தையல் பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தவறாமல் படிக்கிறேன். எனக்கு வயது 31, உயரம் 4 அடி 10 இன்ச். ஒல்லியும் இல்லை, பருமனும் இல்லை. போன மாதம் அலுவலகத்தில் ஒரு கூட்டம். வெளியிலிருந்து வந்த ஒருவர் என்னைப் பார்த்து, "டிரெய்னியா? உங்க மேனேஜரைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றார். அந்த மேனேஜரே நான்தான். அன்று நல்ல பிளேசரும் நல்ல பேண்ட்டும்தான் போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால், அண்ணனுடைய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்ட சிறுமி மாதிரி இருந்தேன்.

குள்ளமான பெண்களுக்கு என்ன உடை எடுப்பாக இருக்கும் என்று தேடினால் கிடைப்பதெல்லாம் தடைகள்தான். குறுக்குக் கோடு கூடாது, பெரிய பூ கூடாது, அகல பார்டர் கூடாது, ஹீல்ஸ் இல்லாமல் வெளியே கிளம்பக் கூடாது. இவற்றில் எதை நம்புவது? சேலை கட்டினால் வயிற்றில் மூட்டை கட்டியது போல் ஆகிவிடுகிறது. குரூப் போட்டோவில் இன்னும் சின்னதாகத் தெரிகிறேன். ஏதாவது வழி சொல்லுங்கள்.

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

நான் 4 அடி 11 இன்ச். உங்களைவிட ஒரு இன்ச் அதிகம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது, மன்னியுங்கள். இப்படி ஒரு வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

அண்ணன் சட்டை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்கான பதில் அங்கேயே இருக்கிறது. அந்த பிளேசரை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். உங்கள் தோள் முடிந்த பிறகும் அதன் தோள் முடியாமல் கீழே சரிந்திருக்கும். கை, விரல் முட்டியைத் தொட்டிருக்கும். இடுப்புக்காக ஒடுக்கிய வளைவு இடுப்பெலும்பின் மேல் போய் உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. இவள் உடை இவளுடையது இல்லை என்று மட்டும் கண்ணுக்குப் பட்டுவிடும். அங்கிருந்து 'டிரெய்னியா?' என்ற கேள்விக்கு அதிக தூரம் இல்லை.

ரெடிமேட் துணிகளில் பெரும்பாலானவை 5 அடி 5 இன்ச் வாக்கில் உள்ள ஒரு பெண்ணை மனதில் வைத்து வெட்டப்படுபவை. உங்களுக்கும் அவளுக்கும் 7 இன்ச் வித்தியாசம். அந்த 7 இன்ச்சும் காலில் மட்டும் குறைந்திருந்தால் கீழே மடித்து அடித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அது கழுத்துக்கும் மார்புக்கும் நடுவில் கொஞ்சம், மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில் கொஞ்சம், கையில் கொஞ்சம், தொடையில் கொஞ்சம் என்று பரவிக் கிடக்கிறது. 1940களில் அமெரிக்காவில் ஹன்னா ட்ராய் என்ற வடிவமைப்பாளர் இதைக் கவனித்தார். கடைத் துணி நினைப்பதைவிடப் பல பெண்களுக்கு மேலுடம்பு நீளம் குறைவு என்று கண்டு அதற்கென்று தனி அளவையே கொண்டுவந்தார். இன்று 'பெட்டீட்' என்று போட்டு விற்பது அந்த வழியில் வந்ததுதான். பொதுவாக 5 அடி 4 இன்ச்சும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கான வெட்டு அது. எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நல்ல பருமனான பெண்ணும் பெட்டீட்டாக இருக்கலாம்.

இது புரியாமல் நாம் செய்கிற தவறு, இருப்பதிலேயே சின்ன அளவான எக்ஸ்எஸ் வாங்குவது. எக்ஸ்எஸ்ஸில் சுற்றளவுதான் முக்கியமாகக் குறையும், நீளம் பேருக்குக் குறையும். மார்பு பிடிக்கும், இடுப்பு வளைவு அப்போதும் தொங்கும். இன்னொரு தவறு குழந்தைகள் பிரிவு. ஒரு காலத்தில் நான் அங்கேதான் கோட் வாங்கினேன். விலை குறைவு, தோள் அளவெடுத்தது போல் பொருந்தியது, ஒரே பெருமை. பொத்தானைப் போட்டதும் முன்பக்கம் மட்டும் மேலே ஏறிக்கொண்டது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு வெட்டிய துணியில் மார்புக்கான டார்ட், அதாவது மார்புக்கு இடம் கொடுக்கும் மடிப்புத் தையல், இருக்காது என்று அன்றுதான் புரிந்தது. மூன்று வருடம் அதைப் பொத்தான் போடாமலே போட்டேன்.

சரி, இப்போது ஒரு வேலை சொல்கிறேன். லூசாகத் தெரிகிற ஒரு குர்தியை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். இரண்டு தோள் தையலையும் பிடித்து அரை இன்ச் மேலே கிள்ளி தோளுக்கொரு ஊக்கைக் குத்துங்கள். இப்போது பாருங்கள். கழுத்து இறக்கம் மேலே வந்திருக்கும், மார்பு டார்ட் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்திருக்கும், இடுப்பு இடுப்பிலேயே நிற்கும். கீழே ஒரு தையலைக்கூடத் தொடவில்லை, ஆனாலும் துணி உங்களுடையதாகிவிட்டிருக்கும். தையல்காரரிடம் போனால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்: தோளைத் தூக்கிக் கொடுங்கள். பலர் 'கீழே மடிச்சிடலாம்மா' என்பார்கள், அது அவர்களுக்குப் பத்து நிமிட வேலை. தோளைத் தூக்கினால் கைக்குழி சின்னதாகும், கையைப் பிரித்து மறுபடி வைக்க வேண்டும். அதனால் சுணங்குவார்கள். விடாதீர்கள். பிளேசருக்கு மட்டும் இந்த யோசனை வேண்டாம். உள்ளே லைனிங், தோளில் பேட் என்று இருப்பதால் செலவு துணியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். பிளேசர் என்றால் தோள் சரியாக இருப்பதை மட்டுமே வாங்குங்கள். கையும் நீளமும் பிறகு குறைக்கக் கூடியவை. நீளம் இடுப்பெலும்போடு நின்றால் போதும்.

குர்தியில் இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. நீளத்தைக் குறைத்த பிறகு ஸ்லிட் எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். உயரமான பெண்ணுக்கு இடுப்புக்குச் சற்றுக் கீழே திறக்க வேண்டியது நமக்குத் தொடை நடுவில் திறக்கும். நடந்தால் துணி காலைக் கட்டும், படி ஏறினால் இழுக்கும். நடை சின்னதானால் ஆளும் சின்னதாகத் தெரிவார். ஸ்லிட்டை இரண்டு இன்ச் மேலே திறந்துவிடச் சொல்லுங்கள்.

பேண்ட்டில் முழங்காலைக் கவனியுங்கள். பூட்கட், பெல்பாட்டம் போன்றவை முழங்காலுக்குக் கீழே விரியும்படி வெட்டப்பட்டவை. அவற்றில் அடியில் நாலு இன்ச் வெட்டினால் விரிவே போய்விடும், மிஞ்சுவது ஏதோ ஒரு குழாய். நேர் வெட்டு, அல்லது கீழே லேசாக ஒடுங்குவது என்றால் வெட்டினாலும் வடிவம் கெடாது. ஒடுங்கிய பேண்ட் கணுக்கால் எலும்பில் முடியட்டும், அகலப் பேண்ட் தரையைத் தொடாமல் அரை இன்ச் மேலே நிற்கட்டும். கெண்டைக்கால் நடுவில் முடிகிறவை எனக்குப் பிடிக்காது. கால் எங்கே மிகப் பருமனோ அங்கே கோடு போட்டுக் காட்டும். ஹை வெய்ஸ்ட் நமக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் ஒரு முறை உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். சில பேண்ட்கள் நம் இடுப்பைத் தாண்டி விலா வரை ஏறிவிடும். ஆல்டர் பண்ணக் கொடுக்கும்போது எந்தச் செருப்போடு போடுவீர்களோ அதைக் கையோடு கொண்டுபோங்கள்.

இனி உங்கள் தடைகள். குறுக்குக் கோட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1867-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், குறுக்குக் கோடுகளால் ஆன சதுரம் நெடுக்குக் கோடுகளால் ஆன சதுரத்தைவிட உயரமாகத் தெரிகிறது என்று எழுதினார். குறுக்குக் கோடு போட்ட உடை பெண்களை உயரமாகக் காட்டும் என்றும் சொல்லியிருக்கிறார். நாம் நம்பி வந்ததற்கு நேர் எதிர். 2011-ல் இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் தாம்சனும் கிரியாகி மிகெல்லிடூவும் இதைப் பெண் உருவங்களை வைத்துச் சோதித்தார்கள். குறுக்குக் கோடு ஆளை அகலமாகக் காட்டவில்லை என்றே முடிவு வந்தது. 2013-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தச் சாதகம் ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர்களுக்கே அதிகம் என்றார்கள். அதனால் பயந்து ஓடவும் வேண்டாம், மந்திரம் என்று நம்பவும் வேண்டாம். மெல்லிய, நெருக்கமான கோடுகளைத் தைரியமாகப் போடுங்கள். உடம்பை மூன்று துண்டாக்குகிற பட்டைக் கோடுகள் மட்டும் வேண்டாம். பூ என்றால் உள்ளங்கை அளவு வரைக்கும் சரி. ஒற்றைப் பூவே உங்கள் முகத்தைவிடப் பெரிதாக இருந்தால் எல்லோரும் பூவைத்தான் பார்ப்பார்கள். ஹீல்ஸ் உங்கள் இஷ்டம். மூன்று இன்ச் ஹீல்ஸ் உங்கள் உயரத்தில் ஐந்து சதவீதம் சேர்க்கும், மாலைக்குள் கால்வலியையும் சேர்க்கும். செருப்பும் பேண்ட்டும் ஒரே நிறத்தில் இருந்தாலே கால் நீண்டு தெரியும். கணுக்காலைச் சுற்றி வேறு நிறத்தில் வார் கட்டும் செருப்பு அந்த நீளத்தை வெட்டிவிடும்.

சேலைக்கு வருவோம். இதில் தவறு உங்கள் மேல் இல்லை, கணக்கின் மேல். சேலையின் பன்னா, அதாவது அகலம், ஏறக்குறைய 46 இன்ச். உங்கள் இடுப்பிலிருந்து தரை வரை 36 இன்ச் இருக்கும். மிச்சம் 10 இன்ச் துணி எங்கேயாவது போக வேண்டுமே? இடுப்பில் செருகுகிறோம். 5 அடி 5 இன்ச் பெண் செருகுவது ஆறு இன்ச் அளவுதான். கொசுவத்தில் இந்த 10 இன்ச் ஏழெட்டு அடுக்காகச் சேர்ந்து வயிற்றுக்கு நேரே உட்கார்வதுதான் உங்கள் மூட்டை. நான் செய்வது இது: கட்டுவதற்கு முன்பே சேலையின் மேல் ஓரத்தை நான்கு இன்ச் உள்பக்கமாக மடித்து இஸ்திரி போட்டுவிடுவேன், முந்தானைக்கு விடும் பகுதியை மட்டும் மடிக்காமல். பிறகு செருக வேண்டியது ஆறு இன்ச்தான், அதுவும் தட்டையாக உள்ளே இறங்கும். உள்பாவாடை நாடாவைத் தொப்புளுக்குக் கீழே இறக்காமல் இயல்பான இடுப்பிலேயே கட்டுங்கள். கொசுவத்தை அகலமாக, எண்ணிக்கையில் குறைவாக வையுங்கள், மிச்ச நீளம் முந்தானைக்குப் போகட்டும். விறைப்பான காட்டனும் ஆர்கன்ஸாவும் நம்மிடம் வந்து குடை மாதிரி நிற்கும். கிரேப், ஷிஃபான், மெல்லிய பட்டு எல்லாம் உடம்போடு விழும். பார்டரைப் பற்றி: 10 இன்ச் பார்டர் என்றால் இடுப்புக்குக் கீழே கால்வாசிக்கும் மேல் பார்டர்தான். சேலையின் உடல் நிறத்துக்கு நெருங்கிய நிறமானால் அதுகூடப் பரவாயில்லை. அடர் நீலச் சேலையில் அரக்குச் சிவப்பு பார்டர் வந்தால் ஆள் அங்கேயே முடிந்துவிடுவார். மூன்று இன்ச்சில் பளிச்சென்று இருக்கட்டும். முந்தானையை விரித்துப் போடாமல் மடிப்பெடுத்துக் குத்தினால் தோளிலிருந்து கீழே ஒரு நீளக் கோடு கிடைக்கும்.

துப்பட்டாவுக்கும் இதே கதை. இரண்டரை மீட்டர் என்றால் 98 இன்ச். ஒரு தோளில் போட்டால் பக்கத்துக்கு 49 இன்ச் தொங்கும். உங்கள் தோள் உயரமே 47, 48 இன்ச்தான். அது தரையைக் கூட்டாமல் என்ன செய்யும்? அரை மீட்டர் வெட்டி ஓரம் அடித்துவிடுங்கள். யாருக்கும் தெரியாது.

கைப்பையில் எல்லோரும் அளவைப் பற்றிப் பேசுகிறார்கள், நான் வாரைப் பார்ப்பேன். குறுக்காகப் போடும் பை தொடையில் இடித்துக்கொண்டிருந்தால் சின்னப் பைகூடச் சுமையாகத் தெரியும். இடுப்பெலும்பில் நிற்கும்படி வாரைச் சுருக்குங்கள், ஓட்டை போதவில்லை என்றால் செருப்புத் தைப்பவர் ஒரு நிமிடத்தில் போட்டுத் தருவார். லேப்டாப் தூக்க வேண்டும் என்றால் பெரிய பைதான் வேண்டும். அகலமானதைவிட நெட்டுவாக்கில் இருப்பதை எடுங்கள். தோளைத் தொடும் காதணி கழுத்தை நிரப்பிவிடும். தாடைக்கு ஒரு விரல் கீழே நின்றால் போதும். கைக்கடிகாரத்தில் வார் மாட்டும் முனைகள் மணிக்கட்டின் இரு ஓரங்களைத் தாண்டக் கூடாது.

அந்த அலுவலக விஷயம். உயரமாகத் தெரிய மெனக்கெடுவதைவிட, முகத்துக்குப் பார்வையைக் கொண்டுவருவது எளிது. பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப் ஐந்தடிக்கும் குறைவு. மேடையில் சாதாரணக் கறுப்பு உடைதான் உடுத்துவார். இருட்டில் உடை மறைந்துவிடும், முகமும் கையும் மட்டும் மிஞ்சும். கூட்டம் அதைத்தான் பார்த்தது. மேலிருந்து கீழ் வரை ஒரே அடர் நிறம், கழுத்தருகே மட்டும் ஒரு வெளிச்சமான நிறம் என்று அடுத்த கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். அப்புறமும் டிரெய்னியா என்று கேட்டால் அது அவருடைய பிரச்சினை.

போட்டோவுக்கு உடை எதுவும் செய்யாது. உயரமானவர் தன் கண் மட்டத்திலிருந்து கேமராவைக் கீழே சாய்த்து எடுப்பதால்தான் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் விழுகிறது. கேமராவை உங்கள் இடுப்பு அளவுக்கு இறக்கி, சாய்க்காமல் நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், குனிந்து அவர்களுக்குப் பழக்கமில்லை. குனியட்டும்.

அன்புடன்,
அக்கா