காய்ந்த மலையில் என்ன பூ இருக்கும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஏலகிரியைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், மலை, பூ, மழை என்றே கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அதனால் மற்ற கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தப் பக்கம் முழுக்க அவற்றுக்கே.

கேள்வி: முழுப்பரீட்சை முடிந்ததும் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போகணும் என்று பிள்ளைகள் அடம் பிடிக்கிறார்கள். வண்டி, ரூம், சாப்பாடு என்று கணக்குப் போட்டால் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பக்கத்து மலைகளோ கோடையில் மொட்டையாகக் காய்ந்து கிடக்கின்றன. பூ என்று காட்ட நம் பக்கம் என்ன இருக்கிறது? – வாசகி, சத்துவாச்சாரி

பதில்: அந்த மொட்டை மரங்களைத்தான் காட்டச் சொல்கிறேன் அம்மா. ஜவ்வாது மலை, ஏலகிரி, அமிர்தி எல்லாம் பெரும்பாலும் இலையுதிர் காடுகள். தை பிறந்து மண்ணில் ஈரம் குறையக் குறைய மரங்கள் இலையைக் கொட்டிவிடும். இலை இருந்தால் அது வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும், அதற்குப் பயந்துதான். இலை போனதும் கிளையில் மறைப்பு இல்லை, அந்த நேரம் பார்த்துப் பூத்தால் பறவைக்கும் தேனீக்கும் தூரத்திலிருந்தே தெரியும், அப்புறம் காயாகி விதை முற்றிக் கீழே விழுவதற்கும் மழை வருவதற்கும் பல மரங்களுக்குச் சரியாக இருக்கும். வெயிலில் மரம் செத்துக்கிடப்பதாக நாம் நினைக்கிற மாதங்கள்தான் அதற்கு வேலை மும்முரமான மாதங்கள்.

மாசியில் முள்ளிலவு சிவப்பாகப் பூக்கும், அதே சமயம் பாறைச் சரிவுகளில் கோங்கு ஒரு இலைகூட இல்லாமல் பெரிய பெரிய மஞ்சள் பூக்களோடு நிற்கும். மாசி கடைசியிலும் பங்குனியிலும் புரசு. எனக்குக் கேட்டால் நம் பக்கத்துப் பூக்களில் அதற்குத்தான் முதலிடம். கீழே விழுந்த ஒரு புரசம்பூவை எடுத்துப் பிள்ளை கையில் கொடுங்கள்: காம்புப் பக்கம் இருக்கிற கிண்ணம் கருத்த நிறத்தில், விரலால் தடவினால் மெத்தென்று இருக்கும், அதிலிருந்து வருகிற ஆரஞ்சு இதழ்களில் ஒன்று மட்டும் கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்கும், அதைப் பிரித்தால் உள்ளே மகரந்தத் தாள்கள் கட்டாக ஒளிந்திருக்கும். காலை எட்டு மணிக்குள் போனால் மைனா, கரிச்சான், தேன்சிட்டு, அணில் என்று ஒரு மரத்திலேயே அத்தனையும் சண்டை போடும். பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

பரீட்சை முடிந்துதான் போக முடியும் என்றால் சித்திரை, வைகாசியில் கொன்றை இருக்கிறது. இதில் ஒரு சௌகரியமும் உண்டு. வேலூர் கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் சொச்சம், ஏலகிரி ஏறக்குறைய 1,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி அளவுக்குச் சூடு குறையும். அதனால் ஒரே சாதி மரம் அடிவாரத்திலும் மேலேயும் ஒரே நாளில் பூக்க வேண்டியதில்லை. பொன்னேரியிலிருந்து ஏறும்போது அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் மரம் எந்த இடத்தில் மொட்டு, எந்த இடத்தில் பூ, எந்த இடத்தில் பிஞ்சு என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள்.

ஊட்டியைக் குறை சொல்லவில்லை. அதுவும் ஒரு அழகு, வசதி வரும்போது போய்வாருங்கள். ஆனால் அங்கே தொட்டியில் வளர்த்து வரிசையாக அடுக்கி வைத்த பூ; இங்கே மழையையும் வெயிலையும் பார்த்துத் தானாகப் பூத்தது. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழையாதீர்கள், காய்ந்த சருகு பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கவே கூடாது. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அமிர்திக்குப் போகிற சாலையிலும், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜவ்வாது மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூர் போகிற சாலையிலும் ரோட்டோரத்திலேயே பார்க்க நிறைய இருக்கிறது.

கேள்வி: ஏலகிரியில் நீலக்குறிஞ்சி பூக்குமா? – வாசகர், காட்பாடி

பதில்: பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற அந்த நீலக்குறிஞ்சி பொதுவாக 1,300 மீட்டருக்கு மேல் உள்ள புல்வெளி மலைகளில் வளர்வது. ஏலகிரி அந்த உயரத்துக்கு வரவில்லை. மூணாறு, கொடைக்கானல் பக்கம் 2006-லும் 2018-லும் பூத்தது, இனி 2030. அதுவரை காத்திருக்காமல் வருஷா வருஷம் பூப்பவற்றைப் பார்க்கத் தொடங்குங்களேன்.

கேள்வி: எங்கள் தாத்தா தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆவாரம்பூவைப் பார்த்தாலே "இது நமக்குச் சோறு போட்ட செடி" என்பார். பூ எப்படிச் சோறு போடும்? – வாசகர், ஆம்பூர்

பதில்: பூ இல்லை ஐயா, பட்டை. ஆவாரம்பட்டையில் இருக்கிற துவர்ப்புச் சத்துதான் பச்சைத் தோலைக் கெடாமல் பதப்படுத்துவது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் தோல் ஊர்களாகப் பேரெடுத்ததற்குச் சுற்றுவட்டாரக் காடுகளில் கிடைத்த ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஒரு முக்கியக் காரணம். பிறகு வெளிநாட்டிலிருந்து வாட்டில் என்கிற மரத்தின் பட்டை வந்தது, 1970-களுக்கு அப்புறம் குரோம் உப்பு பரவியது, பட்டை உரிக்கிற வேலையும் ஓய்ந்துபோனது. அதன் பிறகு தோல் கழிவால் பாலாற்றுக்கு என்ன ஆனது என்று ஆம்பூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எழுதும்போதே மனசு வலிக்கிறது.

தாத்தாவின் செடியைத் தை மாதத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஒடித்து வருகிறோமே, அப்போது யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. மஞ்சள் இதழ்களுக்கு நடுவில் நீளமாக வளைந்த தாள்கள் சில, குட்டையாக ஒன்றுக்கும் உதவாததுபோல் சில இருக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான், அதுவும் நுனியில் இருக்கிற சின்னத் துளை வழியாகத்தான் வரும். கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும், அந்த அதிர்வில் மகரந்தம் கொட்டும். அப்போது ரீங்காரம் சட்டென்று மாறுவதைக் காதால் கேட்கலாம். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று வைத்தியத்துக்காகச் சொன்னார்கள். கோடையிலும் வேலி ஓரத்தில் மஞ்சளாக அது நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வேறு வகையிலும் தெம்பு வருகிறது.

கேள்வி: என் மாமியார் சின்ன வயசில் ஜமுனாமரத்தூர் பக்கம் மலையில் வளர்ந்தவர். கல்யாணமாகிக் கீழே வந்ததிலிருந்து மேலே போனது குறைவு. மழைக்காலம் வந்தால் "இந்நேரம் சாமை கதிர் விட்டிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். இப்போது முட்டிவலி, மலை ஏற முடியாது. அவருக்காக என்ன செய்யலாம்? – வாசகி, போளூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை எனக்கு. மாமியாரின் ஏக்கத்தைக் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

ஏற வேண்டியதே இல்லை அம்மா. உங்கள் போளூரிலிருந்தே பஸ் மலைமேல் போகிறது. கூட்டமில்லாத ஒரு நாளாகப் பார்த்து, ஜன்னலோர சீட்டில் அவரை உட்காரவைத்துக் கூட்டிப் போங்கள். ஆவணி கடைசி, புரட்டாசி நல்ல சமயம். நம் மாவட்டங்களுக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு; அந்த இரண்டுக்கும் நடுவில் சாலையோரமெல்லாம் புல் இடுப்புயரம் நிற்கும், ஆடியில் விதைத்த சாமை தலை சாய்ந்திருக்கும், பீமன் அருவியிலும் தண்ணீர் இருக்க வாய்ப்பு அதிகம். அருவிக்கு இறங்க முடியாவிட்டால் என்ன, நிலத்தோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து கதிரைக் கையில் உருவிப் பார்க்கட்டும். திரும்பும் பஸ்ஸுக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

இன்னொன்று. மலையில் வளர்ந்தவர்களுக்குச் செடி கொடிகளின் பெயர் தெரியும், நமக்குத் தெரியாத பெயர்களும் தெரியும். எது எப்போது பூக்கும், எந்தப் பூ பூத்தால் எதை விதைப்பார்கள் என்று கேளுங்கள், செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் கேட்கிறீர்கள் என்பதே அவருக்குப் பாதி மலை.

மேலே போக முடியாத மாதங்களில் மலையைக் கொஞ்சம் கீழே கொண்டுவரலாம். ஆனி வாக்கில் புளியமரம் பூத்திருக்கும். அருகில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? வெளிர் மஞ்சள் இதழில் சிவப்புக் கோடு கோடாக ஓடும், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. ஒரு கொத்துப் பூவும் கொழுந்தும் பறித்துக் கொடுங்கள். வாயில் போட்டு மென்றதும் அந்தப் புளிப்பில் எத்தனை கதை வெளியே வருகிறதென்று பாருங்கள்.

கேள்வி: சந்தன மரம் பூத்தால் காடே மணக்குமாமே? – வாசகர், திருப்பத்தூர்

பதில்: மணக்காது. சந்தன வாசம் முற்றிய மரத்தின் வைரத்திலும் (நடுக்கட்டையிலும்) வேரிலும்தான். பூ மிகச் சின்னது, முதலில் வைக்கோல் நிறத்தில் இருந்து போகப் போக அரக்குச் சிவப்பாக மாறும், தேடினால்தான் கண்ணில் படும். அந்த மரம் பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைக் கோத்துச் சத்து வாங்கிப் பிழைப்பது, அதனால் அதைத் தனியாக நட்டால் தேறுவது கஷ்டம்.

கேள்வி: கார்த்திகை மாதம் வேலியில் செங்காந்தள் பூத்திருக்கிறது. பிடுங்கிவந்து வீட்டு வாசலில் வைக்கலாமா? – வாசகி, வாணியம்பாடி

பதில்: வீட்டில் சின்னக் குழந்தையோ ஆடு மாடோ இருந்தால் வேண்டவே வேண்டாம். நம் மாநில மலர்தான், ஆனால் செடி முழுக்க விஷம், கிழங்கு உயிரையே எடுக்கும். பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவந்துகொண்டு வரும் அந்த மாற்றத்தைத் தினமும் வேலியிலேயே நின்று பாருங்கள். பார்த்து முடித்ததும் அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருக் கொன்றை சித்திரையில் பூத்தது சரி, ஐப்பசியிலும் நாலு கொத்து பூத்திருக்கிறது. பருவம் மாறிவிட்டதா? – கல்லூரி மாணவி, ஆற்காடு

பதில்: நல்ல கேள்விம்மா. ஒரு மரம் ஒரு தடவை தப்பிப் பூத்ததை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது; நீண்ட வறட்சிக்குப் பின் மழை வந்தாலோ, கிளையை வெட்டினாலோகூட சில மரங்கள் நடுவில் நாலு பூ விடும். பல மரங்களைப் பல வருஷம் பார்த்தால்தான் தெரியும். இதற்காகவே சீசன்வாட்ச் என்று ஒரு திட்டம் நாடு முழுக்க நடக்கிறது, பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் தங்கள் தெரு மரத்தை வாரம் ஒருமுறை பார்த்துக் குறிப்பு அனுப்புகிறார்கள். நீயும் சேரலாம்.

அந்தக் கொன்றையிலிருந்தே தொடங்கு. வாரத்தில் ஒரே கிழமை பார், துளிர் எவ்வளவு, முற்றின இலை எவ்வளவு, மொட்டு, பூ, காய் எவ்வளவு என்று எழுது. ஒன்றுமே இல்லாத வாரத்தையும் விடாமல் எழுது, பின்னால் அதுதான் ரொம்பத் தேவைப்படும். தமிழ் மாதம், இங்கிலீஷ் தேதி இரண்டையும் போடு, அந்த வாரம் மழை பெய்ததா என்று ஒரு வரி சேர்த்துக்கொள். அடுத்த சித்திரையில் உன் நோட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுது, இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.